‘ஆகாதுங்க’ அக்கா

கொங்கு நாட்டிலேயே பிறந்து, கொங்கு நாட்டிலேயே வளர்ந்து, எதிரில் நிற்பவரின் முகத்தைப் பார்த்து ‘முடியாது’ என்று சொல்லக்கூடிய ஆள் இந்தப் பூமியில் ஒரே ஒருத்தர்தான் இருக்கிறார். அவர் எங்கள் வீதி முனையில் ஜாக்கெட் தைக்கிறார்.

வெளியூர்க்காரர்களுக்கு இதன் அருமை தெரியாது. எங்கள் பக்கத்தில் மறுப்பு என்பது நாக்கில் வராத ஒரு சமாச்சாரம். மரியாதை வந்து குறுக்கே படுத்துக்கொள்ளும். குழாய் ரிப்பேர்காரருக்குப் போன் போட்டால், “இதா, வந்துட்டே இருக்கறனுங்க” என்பார். அப்போது அவர் கவுண்டம்பாளையத்தில் தன் வீட்டுக் கட்டிலில், போர்வைக்குள் இருப்பார். ஃபேன் ஓடும் சத்தம் நமக்குத் தெளிவாகக் கேட்கும். அடுத்த வாரம் கூப்பிட்டாலும் வந்துகொண்டேதான் இருப்பார். நாமும் பொய் என்று தெரிந்தே, “மெதுவா வாங்க, ஒண்ணும் அவசரமில்லீங்க” என்று சொல்லிவிட்டு, ஒழுகும் குழாய்க்கு அடியில் வாளியை மாற்றி வைப்போம். இரண்டு பேருக்கும் மனசு நோகாது. குழாய் மட்டும் ஒழுகும்.

இப்படிப்பட்ட சீமையில், துடியலூரில், மேட்டுப்பாளையம் ரோட்டிலிருந்து உள்ளே திரும்பும் எங்கள் வீதியின் முதல் கடையில் ‘ஆகாதுங்க’ அக்கா உட்கார்ந்திருந்தார். ஐம்பதைத் தாண்டிய வயது, மூக்கு நுனியில் கண்ணாடி, கழுத்தில் மாலை போல அளவு டேப். கடைக்குப் போர்டு கிடையாது. அவருடைய நிஜப் பெயர் எனக்கு இன்றுவரை தெரியாது. போனில் பணம் அனுப்பினால் அவர் வீட்டுக்காரர் பெயர்தான் வருகிறது.

நாங்கள் குடிவந்த புதிதில், என் அக்கா மகள் கல்யாணத்துக்குக் கட்ட ஒரு பச்சைப் பட்டு எடுத்திருந்தேன். ஜாக்கெட் துணியோடு போய் நின்றேன்.

“அக்கா, வர்ற ஞாயித்துக்கிழமை கல்யாணங்க. சனிக்கிழமைக்குள்ள வேணும்.”

துணியைக் கையால்கூடத் தொடவில்லை. “ஆகாதுங்க.”

“ஒரே ஒரு ஜாக்கெட்டுதானுங்க்கா.”

“ஆகாதுங்க.”

“கொஞ்சம் முன்னப்பின்ன பாத்து...”

“முன்னயும் ஆகாதுங்க, பின்னயும் ஆகாதுங்க. அமாவாசை கழிச்சுக் குடுங்க. பௌர்ணமிக்கு மின்னாடி தாரேன்.”

கல்யாணம் பௌர்ணமிக்காகக் காத்திருக்குமா? எனக்குக் கோபம் வந்துவிட்டது. நேராக பஸ் ஸ்டாப் பக்கத்தில் இருந்த தையல்காரரிடம் போனேன். அவர் பேச்சு தேன். “சனிக்கிழமை எதுக்குங்க்கா, வெள்ளிக்கிழமையே வந்து வாங்கிக்குங்க” என்று துணியை வாங்கிக் கண்ணில் ஒற்றாத குறையாக வைத்துக்கொண்டார். வெள்ளிக்கிழமை போனபோது கொக்கி மட்டும் பாக்கி என்றார். சனிக்கிழமை காலையில் ஹெம்மிங் மட்டும் பாக்கி. சாயங்காலம் கடையே பூட்டியிருந்தது. நான் பச்சைப் பட்டுக்கு ஒரு பழைய அரக்கு ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு மண்டபத்துக்குப் போய், கேட்டவர்களிடமெல்லாம் “இப்ப பாம்பேயில இதுதான் ஃபேஷன்” என்று சமாளித்தேன். அடுத்த கல்யாணத்தில் ஈரோட்டுச் சொந்தக்காரப் பெண் ஒருத்தி நிஜமாகவே பச்சைக்கு அரக்குப் போட்டு வந்திருந்தாள். அது தனிக் கதை. துணியைத் திரும்ப வாங்கப் போனபோது அது நான் கொடுத்த பையிலேயே, மடிப்புக் கலையாமல், கத்திரியையே பார்க்காமல் இருந்தது.

அமாவாசை கழிந்து அக்காவிடம் கொடுத்தேன். பௌர்ணமிக்கு முன்பே கைக்கு வந்தது. அன்றிலிருந்து நான் அவருடைய வாடிக்கை.

அக்காவின் ‘ஆகாதுங்க’வுக்கு ஆள் பேதம் கிடையாது. எதிர்வீட்டு டீச்சர் ஒருநாள் போனில் ஒரு படத்தைக் காட்டினார். முதுகில் துணியே இல்லாமல், ஒரு கயிறு மட்டும் கட்டிய ஜாக்கெட்.

“அக்கா, எனக்கு இதே மாதிரி வேணும்.”

அக்கா கண்ணாடியை ஏற்றிப் பார்த்தார். படத்தைப் பார்த்தார், டீச்சரைப் பார்த்தார். “உங்களுக்கு ஆகாதுங்க.”

“ஏனுங்க்கா?”

“இதப் போட்டா இந்தப் படத்துல இருக்கற புள்ளையாட்டம் மூச்சு உடாம நிக்கோணும். நீங்க பாடம் நடத்தோணுமில்லீங்க?”

டீச்சர் ஒரு வாரம் அந்தப் பக்கமே நடக்கவில்லை. வேறெங்கோ தைத்து, போட்டுப் பார்த்து, பிறகு அதை ஒரு பையில் சுருட்டி எடுத்துக்கொண்டு வந்து, “கொஞ்சம் மூச்சு உடற மாதிரி மாத்திக் குடுங்க்கா” என்று கொடுத்ததை நானே பார்த்தேன். அக்கா ‘நாந்தான் சொன்னனே’ என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. தையலைப் பிரித்தார்.

கல்யாணப் பத்திரிகை வைக்க வருகிறவர்கள் கதி இன்னும் மோசம். தாம்பாளத்தில் பழம், பூவோடு வந்து, “குடும்பத்தோட வந்துரோணுமுங்க” என்று பத்திரிகையை நீட்டுவார்கள். உலகம் முழுக்க இதற்கு ஒரே பதில், “கண்டிப்பா வந்தர்றமுங்க.” அக்காவோ கையைத் துடைத்துக்கொண்டு பத்திரிகையை மரியாதையாக வாங்கி, தேதியைப் பார்த்து, “வர ஆகாதுங்க. அன்னைக்கு வேல நெறைய கெடக்குது. பொண்ணும் பையனும் நல்லா இருக்கட்டும்” என்பார். வந்தவர் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் தையல் மிஷினைப் பார்ப்பார்.

வார்டு தேர்தல் வந்தது. வேட்பாளர் ஒருவர் மேளத்தோடு வீதிக்குள் நுழைந்தார். வீடு வீடாகக் கும்பிட்டார். வீடு வீடாக “உங்களுக்குத்தானுங்க, அண்ணா” என்றார்கள். என் வீட்டுக்காரர் ஒருபடி மேலே போய், “இதெல்லாம் கேக்கோணுமுங்களா?” என்று வருத்தப்பட்டார். வேட்பாளர் பூரித்துப்போய் அக்கா கடைக்கு வந்தார்.

“அக்கா, உங்க ஓட்டு நம்மளுக்குத்தானுங்க?”

“இல்லீங்க.”

மேளக்காரர் கை அப்படியே நின்றுவிட்டது.

“வேறொருத்தருக்குப் போடறதா இருக்கறனுங்க. உங்க சட்டைக் காலரு பிஞ்சிருக்குது, பாருங்க. கழட்டிக் குடுங்க, ஒரு தையல் போட்டுத் தாரேன்.”

வீதியே பார்க்க, வேட்பாளர் பனியனோடு நின்று காலர் தைத்துக்கொண்டு போனார். தேர்தலில் தோற்றும் போனார். அதற்கப்புறம் ஒருநாள் தன் மனைவியின் துணிகளோடு அக்கா கடைக்கு வந்தார். “இந்த வீதி பூரா ஓட்டுப் போட்டேன்னு சொல்லுது. எனக்கு உழுந்த ஓட்டு வீதிக்கே பத்தல. போடலைன்னு உறுதியாத் தெரிஞ்ச ஆளு நீங்க ஒருத்தர்தானுங்க்கா. தையலும் உங்க கிட்டயே இருக்கட்டும்” என்றார். இன்றைக்கும் அந்தக் குடும்பத்துக்கு அக்காதான் தைக்கிறார்.

இதெல்லாம் சிரித்துவிட்டுப் போகிற விஷயங்கள். சிரிக்க முடியாத ஒன்றும் நடந்தது.

எங்கள் வீட்டிலிருந்து சற்றுத் தள்ளி சரசு அக்கா வீடு. அவர் வீட்டுக்காரர் மோட்டாருக்குக் கம்பிச் சுருள் கட்டும் பட்டறை வைத்திருந்தவர் என்பதால் ‘மோட்டார்க்காரர் வீடு’ என்று பெயர். ஒரே மகன் கார்த்தி. கணபதியில் ஒரு பம்ப் கம்பெனியில் டிசைன் செக்‌ஷனில் வேலை. நல்ல உயரம், நல்ல நிறம், அளவான பேச்சு. ஒரே ஒரு குறை. சின்ன வயதில் பொன்னுக்கு வீங்கி வந்து, இடது காது சுத்தமாகக் கேட்காமல் போய்விட்டது. வலது காது பிரமாதமாகக் கேட்கும். இடது பக்கம் நின்று பேசினால் மட்டும் சிலை மாதிரி இருப்பான்.

இந்தக் காதைச் சொன்னதால் வந்த ஜாதகங்களும், பெண் பார்த்துவிட்டு வந்த இடங்களும் ஒவ்வொன்றாகத் தட்டிப்போயின. சரசு அக்கா உடைந்துபோனார். பவானியிலிருந்து ஒரு நல்ல இடம் வந்தபோது இனிமேல் சொல்வதில்லை என்று முடிவெடுத்துவிட்டார். எங்கள் வீதி வாட்ஸ்அப் குழுவில் அவர் குரல் ஒலித்தது.

“எல்லாருக்கும் வணக்கமுங்க. பவானிக்காரங்க கார்த்தியப் பத்தி விசாரிக்க வருவாங்களாட்ட இருக்குது. நல்ல விதமா நாலு வார்த்த சொல்லுங்க. காது விசயம் மட்டும் வேண்டாமுங்க. கல்யாணம் முடிஞ்சப்பறம் பக்குவமாச் சொல்லிக்கலாம்.”

கும்பிடும் கைகளும் கட்டை விரல்களுமாகக் குழு நிறைந்தது. ‘ஆகாதுங்க’ அக்கா அந்தக் குழுவில் இல்லை. நேரில் போய்ச் சொல்ல சரசு அக்காவுக்குத் தைரியம் வரவில்லை. என்ன பதில் வரும் என்று தெரியாதா? பொண்ணு குடுக்கிறவர்கள் தையல் கடையிலா விசாரிக்கப் போகிறார்கள் என்று விட்டுவிட்டார்.

வந்தார்கள். பெண்ணின் அம்மாவும் மாமாவும். வாடகைக்கு வீடு தேடுவதாகச் சொல்லிக்கொண்டார்கள். வாடகைக்கு வீடு தேடுகிறவர் யார் பட்டுச்சேலை கட்டி, தலை நிறைய மல்லிகை வைத்துக்கொண்டு வருவார்? வீதிக்கு நொடியில் புரிந்துவிட்டது. ஆளாளுக்குக் கார்த்தியைத் தூக்கி வைத்தார்கள். ரிட்டயரான பேங்க்காரர், “விடியறதுக்கு மின்னாடி எந்திரிச்சுக் கோயிலுக்குப் போயிருவானுங்க” என்றார். டீச்சர், “ராத்திரி ரொம்ப நேரம் படிச்சுட்டிருப்பான், காலைல எழுப்பறதுதான் கஷ்டம்” என்றார். ஒரு வீட்டில் அவன் முட்டைகூடத் தொடாத சுத்த சைவம். பக்கத்து வீட்டில், “ஞாயித்துக்கிழமையானா கறி எடுத்துட்டு வந்து அம்மாவுக்குக் கழுவிக் குடுக்கறதே அவன்தானுங்க.” என் வீட்டுக்காரர், “தங்கமான பையனுங்க” என்று சொல்லிவிட்டு, மேற்கொண்டு கேள்வி வருவதற்குள் பால் பொங்குவதாக உள்ளே ஓடிவிட்டார். எங்கள் வீட்டு அடுப்பில் பாலே இல்லை.

நான் அந்த நேரத்தில் அக்கா கடை ஸ்டூலில் உட்கார்ந்திருந்தேன். அந்த அம்மா நேராக அங்கே வந்து, “சேலை ஓரம் பிரிஞ்சு போச்சுங்க, ஒரு தையல் போட்டுத் தர முடியுங்களா?” என்றார். அக்கா முந்தானையை வாங்கிக்கொண்டார்.

“ஏனுங்க, இந்த வீதியில மோட்டார்க்காரர் ஊட்டுப் பையன்...”

“கார்த்தியுங்களா? பொண்ணு குடுக்கறீங்களா?”

“ஐயோ, இல்லீங்க. வாடகைக்கு ஊடு பாக்க...”

அக்கா மிஷினை நிறுத்தினார். “ஊட்டுக்கா, பொண்ணுக்காங்க?”

அந்த அம்மா ஒரு கணத்தில் கரைந்துவிட்டார். “பொண்ணுக்குத்தானுங்க. பையன் எப்புடிங்க?”

நான் இருமினேன். பெரிதாக இருமினேன். காசநோய் என்று பயப்படும் அளவுக்கு இருமினேன்.

“தண்ணி அந்தக் கொடத்துல இருக்குது, அம்மணி” என்றார் அக்கா. பிறகு அந்த அம்மாவிடம் திரும்பி, “எடது காது கேக்காதுங்க” என்றார்.

என் இருமல் தானாக நின்றது.

“சுத்தமாவாங்க?”

“சுத்தமா. சின்னதுல பொன்னுக்கு வீங்கி வந்து போயிருச்சு. வலது காது நல்லாக் கேக்கும். கோவம் வந்தா பேச மாட்டான், மூஞ்சியத் தூக்கி வெச்சுக்குவான். சமையல் தெரியாதுங்க. சுடுதண்ணி வெச்சாலும் அடிப்புடிச்சுரும்.”

“நல்லது ஒண்ணும் இல்லீங்களா?” என்றார் அந்த அம்மா.

“இருக்குதுங்க. எம் மிசினு மோட்டாரு நின்னு போனா அவன்தான் வந்து பாத்துக் குடுப்பான். நாளைக்கு வாரேன்னா வந்துருவான். வர முடியாட்டி, போன் போட்டு, ‘அக்கா, இன்னைக்கு ஆகாதுங்க்கா’ன்னு சொல்லிப்போடுவான்.” நூலைப் பல்லால் கடித்தார். “தச்சாச்சுங்க.”

அக்கா வாயிலிருந்து இது எவ்வளவு பெரிய பட்டம் என்று எனக்குத் தெரியும். பவானிக்காரருக்கு எப்படித் தெரியும்? அந்த அம்மாவும் மாமாவும் ஒரு வாய் காப்பிகூடக் குடிக்காமல் போய்விட்டார்கள்.

சாயங்காலமே சரசு அக்கா கடை வாசலில் நின்றார். நான் அவரை அப்படிப் பார்த்ததில்லை.

“உனக்கு நான் என்ன கெடுதல் பண்ணினேன்? எம் பையன் கல்யாணம் ஆகாமயே கெடக்கோணுமா?”

“கேட்டாங்க. சொன்னனுங்க.”

“தெரியாதுன்னு சொல்லியிருக்கலாமில்ல?”

“தெரியுமேங்க.”

சரசு அக்கா முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு போய்விட்டார். வீதி அவர் பக்கம் சேர்ந்துகொண்டது. அதையும் எங்கள் ஊர் முறைப்படிதான் செய்தது. யாரும் சண்டை போடவில்லை. ‘இனி உங்களிடம் தைக்க மாட்டோம்’ என்று ஒருவரும் சொல்லவில்லை. ஒவ்வொருவராக வந்து, “அளவு ஒருக்கா சரிபாக்கோணும், துணியக் குடுங்க்கா, நாளைக்கே கொண்டு வாரேன்” என்று சிரித்தபடி வாங்கிக்கொண்டு போனார்கள். அக்காவும் மடித்து மடித்துக் கொடுத்தார். சில நாளில் அலமாரி காலி. என் துணி மட்டும் இருந்தது. அதை அவர் ஏற்கெனவே வெட்டிவிட்டிருந்தார்.

ஒரு மத்தியானம் போனேன். மிஷின் ஓடவில்லை. அக்கா சும்மா உட்கார்ந்து கத்திரியைத் துடைத்துக்கொண்டிருந்தார். அவர் சும்மா உட்கார்ந்து நான் பார்த்ததே கிடையாது.

“ஏனுங்க்கா, காது விஷயத்தை மட்டும் விட்டிருக்கலாமில்லீங்க?” என்று கேட்டேவிட்டேன்.

அப்போது அவர் வீட்டுக்காரர் தூக்கில் டீ கொண்டுவந்து வைத்தார். மர அறுவை மில்லில் வேலை பார்க்கும் மனிதர். என்னைப் பார்த்துத் தலையசைத்துவிட்டுப் போனார். அவர் போகும் வரை பார்த்திருந்துவிட்டு அக்கா சொன்னார்:

“எனக்குக் கல்யாணமான புதுசுல இந்த மனுசன் வாயவே தொறக்கலீங்க, அம்மணி. என்ன கேட்டாலும் தலையாட்டல்தான். நல்லா சமைச்சுப் போட்டாலும் பேச்சில்ல, கொழம்புல உப்பு இல்லைன்னாலும் பேச்சில்ல. என்னையப் புடிக்கலையாட்ட இருக்குதுன்னு நான் ஊட்டுக்குப் பின்னால பொடக்காளியில நின்னு அழுதுட்டிருப்பேன். ரொம்ப நாள் கழிச்சு ஒருநா, கண்ணாடி வளையலு ஒடஞ்சு எங் கையில ரத்தம் வந்துருச்சு. பதறிப்போய் எம் பேரக் கூப்புட்டாரு. கூப்புடவே முடியலீங்க. மொத எழுத்துலயே நிக்குது. அப்பத்தான் தெரிஞ்சுது, திக்குவாய்ன்னு. ‘பேசுனா தெரிஞ்சுரும், வாயத் தொறக்காத’ன்னு அவங்கம்மா சொல்லி வெச்சிருக்குது.”

டீயை எனக்கு ஊற்றிக் கொடுத்தார்.

“திக்கறதுல என்னுங்க இருக்குது? சொல்லியிருந்தா நான் காத்திருந்து கேட்டிருப்பேன். சொல்லாம உட்டதுல, அத்தன நாளும் நான் ஒரு பக்கம் அழுதேன், அந்த மனுசன் ஒரு பக்கம் வாயக் கட்டிட்டுக் கெடந்தாரு. நாளைக்கு அந்தப் பவானிப் புள்ள வந்து, ஆசையா எடது பக்கம் நின்னு இவனக் கூப்புடும். இவன் திரும்ப மாட்டான். அது என்ன நெனைக்கும், சொல்லுங்க?”



மறுநாள் கார்த்தியே கடைக்கு வந்தான். வேலைக்குப் போகும் சட்டையோடு, ஸ்டூலை இழுத்து, வலது காது அக்கா பக்கம் வருகிற மாதிரிப் போட்டு உட்கார்ந்தான்.

“அம்மா பேசுனதுக்கு மனசுல ஒண்ணும் வெச்சுக்காதீங்க்கா. எனக்கு இப்பத்தான் நிம்மதியா இருக்குது. பொண்ணு பாக்கப் போற ஊட்டுலயெல்லாம் எடது பக்கம் ஆரு வந்து உக்காருவாங்களோன்னே பயந்துட்டு, பொண்ணு மூஞ்சியவே நான் பாத்ததில்ல.”

“அடுத்த ஊட்டுல பாரு கண்ணு” என்றார் அக்கா.

அடுத்த வீடு தானாக வந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் கார் ஒன்று வீதிக்குள் நுழைந்தது. சரசு அக்கா வீட்டுக்குப் போகாமல் தையல் கடை முன்னால் நின்றது. வீதியின் அத்தனை ஜன்னல் திரைகளும் ஒரே நேரத்தில் விலகின. நான் திரையெல்லாம் விலக்கவில்லை. கறிவேப்பிலை வாங்குகிற சாக்கில் நேராகக் கடைக்கே போய்விட்டேன். தையல் கடையில் கறிவேப்பிலை கிடைக்காது என்பது யாருக்கும் தோன்றவில்லை.

அதே பவானி அம்மா. கூடவே அவர் வீட்டுக்காரர், ஒரு பெண். பெண் பெயர் நந்தினி. ஈரோட்டில் ஒரு லேபில் வேலை பார்க்கிறாளாம்.

“அன்னைக்குச் சொல்லாமக் கொள்ளாமப் போயிட்டமுங்க” என்றார் அந்த அம்மா. “ஊட்டுல போய் உக்காந்து யோசிச்சோம். இந்த வீதியில எல்லாரும் தங்கம் தங்கம்னாங்க. ஒருத்தர் சொன்னது இன்னொருத்தருக்கு ஒத்து வரல. நீங்க ஒருத்தர்தான் ஒரு மனுசனப் பத்திச் சொன்னீங்க. நாங்க மனுசனுக்குத்தானுங்க பொண்ணு குடுக்கறோம்.”

அக்கா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

பெண்ணின் அப்பா குரலைத் தாழ்த்தி, “வேற ஏதாச்சும் இருக்குதுங்களா?” என்றார்.

“கொறட்ட உடறானான்னு எனக்குத் தெரியாதுங்க. அத அவங்கம்மாவத்தான் கேக்கோணும்.”

நந்தினி வாய்விட்டுச் சிரித்துவிட்டாள்.

சரசு அக்கா வீட்டில் அன்று நடந்ததைச் சரசு அக்காவே பிற்பாடு எல்லோரிடமும் சொல்லிச் சொல்லித் தேய்த்துவிட்டார். பதற்றத்தில் காப்பிக்குச் சர்க்கரை போட மறந்துவிட்டாராம். வந்தவர்கள் முகம் சுளிக்காமல் குடித்தார்களாம். நந்தினிக்கு நாற்காலி போட்டது கார்த்தியின் இடது பக்கம். அவள் உட்காரப் போனவள், நின்று, நாற்காலியைத் தூக்கி வலது பக்கம் போட்டு உட்கார்ந்து, “இப்பக் கேக்குதுங்களா?” என்றாளாம். சரசு அக்கா சமையலறைக்குள் போய், சர்க்கரை டப்பாவைக் கட்டிக்கொண்டு அழுதிருக்கிறார்.

மறுநாள் சரசு அக்கா தையல் கடை வாசலில் வந்து நின்றார். கையில் ஒரு பெரிய பை. உள்ளே வரவில்லை. அக்காவும் நிமிரவில்லை.

“நந்தினிப் புள்ள, முகூர்த்த ஜாக்கெட்டெல்லாம் உங்ககிட்டத்தான் தைக்கோணும்னு சொல்லிப்போடுச்சு. எனக்கும் அதுதான் ஆசை...” என்று இழுத்து, கடைசியில், “ஆகுமுங்களா?” என்றார்.

அக்கா துணிகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தார். காலண்டரைப் பார்த்தார். விரலை மடக்கினார்.

“ஆரி ஒர்க்குப் பூவேல ஆகாதுங்க. என் கண்ணுக்கு ஒத்துக்காது. மிச்சமெல்லாம் ஆகுமுங்க. உள்ள வந்து உக்காருங்க, வெயில்ல நிக்கறீங்க.”

அந்த வாரமே வீதித் துணிகள் எல்லாம் அலமாரிக்குத் திரும்பின. “அளவு சரியாத்தான் இருக்குதுங்க்கா” என்று ஒவ்வொருவரும் சொன்னார்கள். அத்தனை நாளும் அளவைத்தான் சரிபார்த்துக்கொண்டிருந்த மாதிரி.

இப்போது நிலைமை என்னவென்றால், துடியலூர் வட்டாரத்தில் யார் மகளுக்கு மாப்பிள்ளை பார்த்தாலும் அக்கா கடைக்கு வந்துவிடுகிறார்கள். அன்னூரிலிருந்தும் காரமடையிலிருந்தும் வருகிறார்கள். “தைக்கறதா, ஜாதகம் பாக்கறதா?” என்று அவர் எரிந்து விழுகிறார். கல்யாண வயதில் பையன் இருக்கும் வீடுகளில் ஒரு புது ஒழுக்கம் வந்திருக்கிறது. பையன்கள் லேட்டானால் வீட்டுக்குப் போன் போட்டுச் சொல்கிறார்கள். சும்மா போகும்போதும் வரும்போதும் கடைப் பக்கம் பார்த்து ஒரு வணக்கம் வைக்கிறார்கள். அக்கா கண்டுகொள்வதே இல்லை.

போன வருஷம் என் கழுத்தில் ஒரு கட்டி வந்தது. ஊசி குத்தி எடுத்து டெஸ்ட்டுக்கு அனுப்பினார்கள். ரிசல்ட் வரும் வரை வீதியே எனக்கு ஆறுதல் சொன்னது. “ஒண்ணும் இருக்காதுங்க.” “எங்க சித்திக்கும் இப்படித்தான், சும்மா கொழுப்புக் கட்டி.” என் வீட்டுக்காரர் தினமும் காலையில், “நீ பாரு, ஒண்ணும் இருக்காது” என்று சொல்லிவிட்டு, பாத்ரூமில் போய் வெகுநேரம் குழாயைத் திறந்துவிட்டிருப்பார். எல்லோரும் அன்பாகத்தான் சொன்னார்கள். ஒன்றும் எனக்குள் இறங்கவில்லை.

அக்கா கடைக்குப் போனேன்.

“அக்கா, ஒண்ணும் இருக்காதில்லீங்க?”

மிஷின் நின்றது. அவர் என் கழுத்தைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார்.

“தெரியாதுங்க, அம்மணி.”

என் கண் நிறைந்துவிட்டது. ஆனால் எத்தனையோ நாள் கழித்து நெஞ்சு நிறைய ஒரு மூச்சு விட்டேன். பயப்படலாம் என்று யாரோ அனுமதி கொடுத்த மாதிரி இருந்தது.

“ரிசல்ட்டு என்னைக்குங்க?”

“புதன்கிழமை காலைல.”

“நான் கூட வாரனுங்க.”

வந்தார். ஆஸ்பத்திரி வராந்தாவில் என் வீட்டுக்காரர் ஒரு பக்கம் உட்கார்ந்து, சுவரில் இருந்த கொசு ஒழிப்புப் படத்தையே திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருந்தார். அக்கா இன்னொரு பக்கம். மடியில் யாருடைய ஜாக்கெட்டோ, கையில் ஊசி. ஆறுதலாக ஒரு வார்த்தை பேசவில்லை. குனிந்த தலை நிமிராமல் ஹெம்மிங் போட்டுக்கொண்டே இருந்தார்.

உள்ளே கூப்பிட்டார்கள். மூன்று பேரும் போனோம். சாதாரணக் கட்டிதான், பயப்பட ஒன்றுமில்லை என்று டாக்டர் சொன்னார். என் வீட்டுக்காரர் டாக்டரின் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. நான் அக்காவைத் திரும்பிப் பார்த்தேன். அவர் அப்போதும் ஜாக்கெட் ஓரத்தில் ஊசியை ஏற்றி இறக்கிக்கொண்டிருந்தார்.

ஊசியில் நூல் இல்லை. எப்போது உருவிப் போனதோ, வெறும் ஊசியால்தான் அத்தனை நேரமும் தைத்துக்கொண்டிருந்திருக்கிறார்.

நான் அந்த ஊசியை மெதுவாக வாங்கி வைத்துவிட்டு, அந்தக் கையைப் பிடித்துக்கொண்டேன்.